பொம்மை என்று சொன்னவருக்கு

சனிக்கிழமைக் கண்காட்சியில் நடந்தது இங்குள்ள பலருக்கும் தெரியும். மூன்று மாதம் உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தின் முன் நின்று மாணவர்கள் செய்த, சிலிண்டரே ஆடி ஆடி ஓடும் சின்ன எஞ்சினைப் பார்த்து, "பொம்மைதானே" என்று சிரித்துவிட்டு நடுவர் நகர்ந்தார். பெட்டியாக வாங்கி நட்டு முடுக்கிய ரோபோ பரிசு வாங்கியது. வாங்கட்டும். பரிசு குறித்து எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் இருப்பது தெரிகிறது.

10 மில்லிமீட்டர் தண்டைக் கடைந்து கொடுத்தால், 0.02 மில்லிமீட்டர் தவறினாலும் ஆசிரியர் ஏதோ மதிப்பெண் போடுவார். எஞ்சின் போடாது. ஓடும், அல்லது நிற்கும்.

என் முதல் எஞ்சினும் இதே வகைதான். துளையைச் சரியான அளவுக்கு வழுவழுப்பாக முடிக்கும் ரீமர் போட்ட சிலிண்டருக்குள் பிஸ்டன் எண்ணெயோடு வழுக்கி இறங்கியது. எல்லாமே டிராயிங்கில் உள்ள அளவு. ஆனால் சைக்கிள் பம்பால் காற்றடித்தால் 'உஸ்' என்ற சத்தம் மட்டுமே வந்தது. இரண்டு நாள் பிஸ்டனையே சந்தேகப்பட்டேன். பட்டறைப் பெரியவர் காற்று வரும் கட்டையில் நீல மையைத் தடவி, அதன் மேல் சிலிண்டரைப் பொருத்தி ஒருமுறை ஆட்டி எடுத்தார். மை ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. "கட்டையில படியற முகத்தை ஒரு பிடியில கடைஞ்சே, சிலிண்டர் ஆடுற அச்சாணித் துளையை வேற பிடியில போட்டே. அப்புறம் எப்படிடா படிஞ்சு உட்காரும்?" என்றார். துண்டை நான்கு தாடைகளால் இறுக்கும் ஃபோர் ஜா சக்கில் பிடித்து, கழற்றாமல் இரண்டையும் ஒரே பிடியில் முடித்த பிறகுதான் எஞ்சின் ஓடியது. துளையின் விட்டம் முன்பும் சரிதான். அது முகத்துக்குச் செங்குத்தாக இல்லை என்பதை விட்டம் அளக்கும் என் வெர்னியர் கடைசிவரை சொல்லவில்லை.

ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற எஞ்சினும் பல ஆண்டுகள் இப்படித்தான் ஒழுகிக்கொண்டிருந்தது, சிலிண்டரை வட்டமாகக் குடைய அன்று ஆளில்லாததால். பீரங்கி குடைந்த ஜான் வில்கின்சன் வந்து, வெட்டும் தண்டை இரு முனைகளிலும் தாங்கவைத்துக் குடைந்த பிறகே அது தொழிற்சாலைக்குப் போனது. அதையும் யாராவது பொம்மை என்றிருப்பார்கள்.

"கணினியே இயந்திரத்தை ஓட்டும் சிஎன்சி காலத்தில் இன்னுமா லேத்?" என்பீர்கள். எதை எதோடு ஒரே பிடியில் முடிப்பது என்பதைச் சிஎன்சிக்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அதே தவறை நூறு துண்டுகளில் துல்லியமாகச் செய்து அடுக்கிவிடும். செலவு என்பீர்கள், கழிவுப் பித்தளைக்கு என்ன பெரிய செலவு? நேரம் ஆகும் என்பதை மட்டும் மறுக்க முடியவில்லை.

ரோபோ செய்த பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. கையில் கருப்பு படிந்தால் கீழான வேலை, திரை ஒளிர்ந்தால் அறிவு என்று பார்க்கும் அந்தப் பார்வைமீதுதான் கோபம். பெண் கேட்டுப் போன வீட்டில், "ஓ, லேத் வேலையா" என்றபடி காபி டம்ளரைக் கீழே வைத்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. சனிக்கிழமை கேட்ட சிரிப்பும் அதே சுருதியில்தான் இருந்தது.

நடுவர் ஐயாவுக்குத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் சொல்லிவிடுங்கள்: பித்தளைத் துண்டு, ரீமர், லேத் எல்லாம் நானே தருகிறேன். ஒரு பொம்மை செய்து காட்டட்டும். சைக்கிள் பம்பை நானே அடிக்கிறேன்.