வெயில் மட்டும் போதாது

ஒளிவினையூக்கிகளால், அதாவது ஒளி பட்டதும் வேதிவினையைத் தூண்டும் பொருள்களால், நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் முறை, வெயில் மிகுந்த எங்கள் வேலூருக்கு விரைவில் கைகொடுக்கும் என்கிறது அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை. அந்த விருப்பம் எனக்கும் உண்டு. ஆயினும் வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போட இயலாது. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினர் என்றாலும், அப்பொருள் உறிஞ்சும் புற ஊதாக் கதிர் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், 100 சதுர மீட்டர் பரப்பில் அமைத்த தகடுகள் மாதக்கணக்கில் இயங்கியும், ஹைட்ரஜனாக மாறிய சூரிய ஆற்றல் அதிகபட்சம் 0.76 விழுக்காடே. இந்த அளவைக் கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும்.

எங்கள் பாலாறு வறண்டு கிடக்கிறதே, பிரிப்பதற்கு நீர் எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர்தான் செலவாகும் என்பதால் அளவு பெருந்தடையன்று, தூய்மையே தடை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கழிவால் உப்பேறிய நிலத்தடி நீரை அப்படியே பயன்படுத்தினால், அதிலுள்ள குளோரைடு ஆக்சிஜன் உருவாகும் வினையில் குறுக்கிடக்கூடும். ஆகவே சுத்திகரிப்புச் செலவையும், கலந்து வெளிவரும் இரு வாயுக்களையும் வெடிக்காமல் பிரித்தெடுக்கும் செலவையும் சேர்த்தே இம்முறையின் விலையை மதிப்பிட வேண்டும்.