முதல் வரியிலேயே புருஷன் பெயர் எதற்கு?

அந்த ஓவியக் குழுவில் வந்த அறிமுகப் பதிவைப் பற்றித்தான் சொல்கிறேன். பலர் பார்த்திருப்பீர்கள், கீழே நடந்த சண்டையையும் சேர்த்து. நைஜீரிய ஓவியரும் துணிக் கலைஞருமான நிக்கே டேவிஸ்-ஒகுண்டாயேவைப் பற்றி எழுத வந்தவர், "புகழ்பெற்ற ஓவியர் ட்வின்ஸ் செவன் செவனின் முன்னாள் மனைவி" என்று தொடங்கியிருந்தார். ஏன் என்று கேட்டால், "தகவல்தானே, தவறா?" என்கிறார்.

தகவல் தவறில்லை. அதை முதல் வரியில் வைத்ததுதான் தவறு.

நிக்கே 1951-இல் நைஜீரியாவின் ஒகிடியில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். வளர்த்த கொள்ளுப்பாட்டி ஒரு நெசவுக்காரி. தறியும் நூலும் அந்த வீட்டில்தான் கைக்கு வந்தன. சிறுவயதிலேயே கல்யாணம் பேசியபோது வீட்டை விட்டு ஓடி நாடகக் குழுவில் சேர்ந்தார். செவன் செவன் வருவது இதற்கெல்லாம் பிறகு. அவருடைய பல மனைவிகளில் ஒருவராக வாழ்ந்து பட்ட துன்பத்தை நிக்கே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எதிலிருந்து வெளியே வந்தாரோ, அதையே அவருக்கு அடையாளமாக ஒட்டுவீர்களா?

"அந்தத் திருமணம் இல்லையென்றால் கலையுலகம் அவரை அறிந்திருக்குமா?" என்று ஒருவர். சரி, செவன் செவனும் 1960-களில் நைஜீரிய நகரமான ஒஷோக்போவில் உல்லி, ஜார்ஜினா பையர் தம்பதி நடத்திய ஓவியப் பட்டறையிலிருந்து வந்தவர்தானே. அவரைப் பற்றிய அறிமுகம் எதுவும் பையர் பெயரில் தொடங்குவதில்லை.

இன்னொருவர், "அது ஓவியமே இல்லை, துணிக்குச் சாயம் போடுவது" என்று எழுதினார். இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். நைஜீரியாவின் யொருபா இனப் பெண்களின் ஆதிரே எலெக்கோ என்ற சாயத்துணிக் கலையில், மரவள்ளி மாவுக் கூழைக் கோழி இறகால் தொட்டுத் துணியில் கையாலேயே வரைவார்கள். கூழ் காய்ந்ததும் துணியை அவுரித் தொட்டியில் திரும்பத் திரும்ப முக்குவார்கள். கூழ் இருக்கும் இடத்தில் சாயம் முழுதாக ஏறாது. சுரண்டி எடுத்தால் கோடு வெளிறித் தெரியும். அழித்து வரைய வழியில்லை. ஆண்கள் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துக் கூழ் தடவிய காலத்திலும் பெண்கள் இறகால்தான் வரைந்தார்கள். இதை நிக்கே துணியோடு நிறுத்தவில்லை. அந்த உருவங்களைக் கான்வாஸுக்கும் கொண்டுபோனார். நைஜீரியாவின் லேகோஸில் வேலை பார்த்த காலத்தில் அங்கே லெக்கி பகுதியில் உள்ள அவருடைய கேலரிக்குப் போயிருக்கிறேன். மாடி மாடியாகச் சுவர் தெரியாமல் படங்கள். பெரிய தலைக்கட்டும் நீல உடையுமாக அவரே வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அங்கே நின்று "இது கைத்தொழில்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அவர் தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்கிறாரா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1983-இல் ஒஷோக்போவில் மையம் தொடங்கி இலவசமாகக் கற்றுக்கொடுத்தார். இத்தாலியில் பாலியல் தொழிலில் சிக்கியிருந்த நைஜீரியப் பெண்கள் வேறு பிழைப்புத் தேடிக்கொள்ளத் தொழில் கற்பித்தார். எனக்கு அது போதும்.

ஏன் இவ்வளவு சூடாகிறாய் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டுக் கண்காட்சியில் என் படங்களும் இருந்தன. மைக் பிடித்தவர் என் கணவரின் பெயரையும் பதவியையும் சொல்லி, "அவருடைய துணைவியார், பொழுதுபோக்காக வரைகிறார்" என்றார். என் பெயர் வரவேயில்லை. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன். இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு இப்படி ஒருமுறைகூட நடந்திருக்காது. ஊர், நாடு மாறினாலும் இந்தப் பழக்கம் மட்டும் மாறுவதில்லை.

பதிவு எழுதியவர் இதைப் படிப்பார் என்று தெரியும். உங்களைக் குழுவில் முடக்கச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த முதல் வரியை எடுத்துவிட்டு அவருடைய பெயரில் தொடங்குங்கள். கணவர் பெயரை நான்காவது பத்தியில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.