அந்தக் கதவை மொதல்ல சாத்துங்கய்யா!

எங்க அபார்ட்மென்ட் பதினாலு மாடி, ரெண்டு படிக்கட்டு, ஆக மொத்தம் 28 ஃபயர் டோர், அதாவது தீயும் புகையும் படிக்கட்டுக்குள்ள வராம தடுக்கற கதவு. அதுல எத்தனை தானா சாத்திக்குதுன்னு போன ஞாயித்துக்கிழமை மேலருந்து கீழ வரைக்கும் நடந்தே எண்ணிட்டு வந்தேன். ஒன்பது! மிச்சம் எல்லாத்துக்கும் ஏதோ ஒரு முட்டு. செங்கல், உடைஞ்ச கிரானைட் துண்டு, கத்தாழைத் தொட்டி, பன்னண்டாவதுல வாட்டர் கேன், ஏழாவதுல நைலான் கயிறு போட்டு கம்பியோட கட்டியே விட்டுட்டாங்க, முடிச்சைப் பாத்தா மாடு கட்டிப் பழகுன கை. அஞ்சாவதுல யாரோ புண்ணியவான் கதவைத் தானா மூட வெக்கற க்ளோசரையே கழட்டி விட்டிருக்கார், அது பாட்டுக்குத் தொங்குது.

கேட்டா, "காத்து வரலைங்க". "டமால் டமால்னு அடிக்குது சார், மதியம் கண்ணசர முடியல". அசோசியேஷன் செகரட்டரி அங்கிள் ஒரு படி மேல போயி, "தம்பி, எமர்ஜென்சின்னா கதவு தொறந்துதான இருக்கணும், அப்பத்தான ஓட முடியும்"ங்கறார். அய்யோ சாமி! பூட்டக் கூடாது, ஆனா சாத்தியிருக்கணும், தள்ளுனா தொறக்கணும், விட்டா தானா மூடிக்கணும். இவ்ளோதான் விஷயம். மூணு மீட்டிங்ல சொல்லிட்டேன், டீயும் பிஸ்கட்டும்தான் காலியாச்சு.

அது சும்மா மரக்கதவுன்னு நெனச்சிட்டிருக்காங்க. நம்ம நாட்டுக் கட்டட விதித் தொகுப்பு நேஷனல் பில்டிங் கோட்லயே 120 நிமிஷம் நெருப்பு தாங்கற கதவு போடச் சொல்லியிருக்கு, ஏன்னா படிக்கட்டும் லிஃப்ட் ஓடற குழியும் புகை மேல ஏர்றதுக்குன்னே கட்டி வெச்ச புகைபோக்கி மாதிரி. ஓரத்துல ஒரு பட்டை ஓடும் பாத்திருக்கீங்களா, சூடு பட்டா உப்பி இடுக்கை அடைச்சிடும். எங்க மாடில பெயிண்டர் அது மேலயே எனாமல் அடிச்சு மொழுகிட்டுப் போயிட்டார். புகை உள்ள வராம படிக்கட்டுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ள ஒரு ஃபேன் வேற இருக்கு, கதவெல்லாம் தொறந்து கெடந்தா அந்தக் காத்து எங்க நிக்கும், பஞ்சரான டயருக்குக் காத்தடிக்கற கதைதான்.

நியூயார்க் பிராங்க்ஸ்ல 2022 ஜனவரில 19 மாடி பில்டிங் ஒண்ணு, ஒரு வீட்டு ரூம் ஹீட்டர்ல புடிச்ச தீ. அந்த வீட்டையும் வாசல் காரிடாரையும் தாண்டி தீ பெருசா போகவே இல்ல. ஆனா செத்தது 17 பேர், அதுல 8 பேர் குழந்தைங்க, அத்தனை பேரும் புகைல. அந்த வீட்டுக் கதவு தானா சாத்திக்கல, மேல ஒரு படிக்கட்டுக் கதவும் தொறந்து கெடந்துச்சு. லண்டன் கிரென்ஃபெல் டவர் அபார்ட்மென்ட் தீல 2017ல 72 பேர் போனாங்களே, எல்லாரும் தீயைப் பரப்புன வெளிச்சுவர் ஷீட்டைப் பத்தித்தான் பேசுனோம், அங்கயும் நெறைய வீட்டு வாசக்கதவு தானா மூடிக்கலன்னு விசாரணைல வந்துச்சு.

அமெரிக்கா, லண்டன் எதுக்கு. போன மே மாசம் எங்க கீழ்த்தளத்து ஈபி மீட்டர் ரூம்ல கேபிள் கருகுச்சு. பெரிய தீயெல்லாம் இல்ல, செக்யூரிட்டி அண்ணன் தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அடிச்சு பத்து நிமிஷத்துல அணைச்சிட்டார். ஆனா அந்தப் பத்து நிமிஷம், நான் ஒன்பதாவது மாடிலருந்து முட்டிவலிக்கார அம்மாவை ஒவ்வொரு படியா எறக்கிட்டிருக்கேன், கீழருந்து கருகருன்னு புகை, வயர் எரியற நாத்தம், எட்டாவது மாடித் திருப்பத்தத் தாண்டி கால் வெக்க முடியல. அம்மா முந்தானைய மூக்குல வெச்சுக்கிட்டு "மேல போயிடலாம்டா"ங்கறாங்க. மேல மொட்டைமாடிக்கு பூட்டு. பசங்க தம்மடிக்க வர்றாங்களாம், அதனால பூட்டு! திரும்ப வீட்டுக்குள்ளயே போயி வாசக்கதவு அடில ஈரத் துண்டைத் திணிச்சுட்டு உக்காந்தோம். மறுநாள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்வி, லிஃப்ட் எப்ப ஓடும்?

ஞாயித்துக்கிழமை அந்த செங்கல், கல்லு, கேன் எல்லாத்தையும் நானே ரெண்டு நடையா தூக்கிட்டுப் போயி குப்பை ரூம்ல போட்டேன். இடுப்பு போச்சு. இன்னிக்குக் காலைல பால் வாங்க கதவத் தொறக்கறேன், எங்க மாடி ஃபயர் டோர் ஆன்னு தொறந்து கெடக்கு. செங்கல் இருந்த எடத்துல யார் வீட்டுப் பாட்டியோடதோ, நல்லா வழவழன்னு ஒரு அம்மிக் குழவி.