மூன்றாம் வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததிலிருந்து எங்கள் பகுதியில் இதே பேச்சுதான். தேர்ச்சி பெறாத பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பெற்றோர் ஆசிரியரைத் திட்டுகிறார்கள். ஆசிரியர்கள், "வீட்டில் யார் கவனிக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். வட சென்னையின் வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்துவதால் எல்லாத் தரப்பும் என்னிடம் வந்து பேசுகிறது. பொறுமையாகக் கேட்கிறேன். ஆனால் என் கருத்து இதுதான்: வாசிக்கத் தெரியாமலேயே ஒரு பிள்ளை வகுப்பு வகுப்பாக ஏறி வந்திருந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியது பள்ளியும் அதை நடத்தும் துறையும். பெற்றோர் அதற்கு அடுத்து. பிள்ளை கடைசி.

எங்களிடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதிவிடுவான். எழுதியதை வாசிக்கச் சொன்னால் இரண்டாவது சொல்லில் நின்றுவிடுகிறான். அவன் நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இதே பையன் விடியற்காலையில் காசிமேட்டில் சித்தப்பாவுடன் மீன் ஏலத்துக்குப் போகிறான். கூடை என்ன விலைக்குப் போனது, கமிஷன் போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்பதைப் பேனாவைத் தொடாமல் சொல்கிறான். கணக்குத் தேர்விலோ ஒற்றை இலக்க மதிப்பெண். கேள்வியை வாசிக்க முடிந்தால் அல்லவா விடை எழுதுவான்? பள்ளிப் பட்டியலில் அவன் பெயர் 'மெல்லக் கற்போர்' வரிசையில் இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் தொடக்கப் பள்ளியில் இருந்தான். சிறு வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பரில். எழுத்துகள் கூடிவரும் வயது அப்படியே போய்விட்டது. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் மூன்று வகுப்புகளில்தான் தொடங்கியது. அதற்குள் இவன் அந்த வகுப்புகளைத் தாண்டியிருந்தான். அன்று தாண்டிப் போனவர்களை உட்கார வைத்து, உனக்கு வாசிக்க வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே!

இதைச் சொன்னவுடன் பலரும், யாரையும் நிறுத்தாமல் அடுத்த வகுப்புக்கு அனுப்பும் ஆல் பாஸ் முறையின் மேல் பாய்கிறார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புகளுக்கு அதைக் கைவிட்டது. தமிழ்நாடு 8ஆம் வகுப்பு வரை தொடர்கிறது. தொடரத்தான் வேண்டும். பத்து வயதுப் பெண்ணை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தால் படித்துவிடுவாள் என்று நம்புகிறவர்கள் எங்கள் தெருக்களுக்கு வந்து பார்க்கட்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டோடு நின்றுவிடுவாள். ஆல் பாஸைக் கொண்டுவந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 24ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும், தேவையானால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. தேர்ச்சி போடுவதை எடுத்துக்கொண்டு கூடுதலாகக் கற்பிப்பதைக் கைகழுவிவிட்டு, பழியை மட்டும் சட்டத்தின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

ஆசிரியர்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. எமிஸ் என்கிற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவது, வாக்காளர் பட்டியல் வேலை என்று அவர்களை அலைக்கழிப்பதை நேரில் பார்க்கிறேன். இவ்வளவுக்கும் நடுவில் தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தருகிற ஆசிரியையும் எங்கள் பகுதியில் இருக்கிறார். என்னால் பொறுக்க முடியாதது வேறு. "இந்த ஏரியாப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்கிற பேச்சு. புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று முகவரியைப் பார்த்தவுடனே பிள்ளையின் அறிவுக்கு அளவு வைத்துவிடுகிறார்கள்.

அதைவிடக் கொடுமை நூறு சதவீதத் தேர்ச்சி என்ற வெறி. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது பெற்றோரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்" என்று பக்குவமாகப் பேசி அனுப்புகிற பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளையின் தோல்வி அதன்பின் எந்தப் பள்ளியின் கணக்கிலும் வராது. 2025இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் மீதியிருக்கும் 6 சதவீதத்தில் 50,000க்கும் அதிகமான பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பே வெளியே அனுப்பப்பட்டவர்களை எதில் சேர்ப்பது?

பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து புத்தகப் பையை எட்டி உதைக்கும் அப்பாவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் முதல் பஸ்ஸில் துப்புரவு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் கைநாட்டுத் தாயிடம், "வீட்டுப்பாடத்தை ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்காதீர்கள். தனக்குத் தெரியாததைச் சொல்லித்தருவார்கள் என்று நம்பித்தானே அவள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் வாசிக்கிறதா என்பதைப் பெற்றோர் முன்னிலையில் பார்க்க வேண்டும். வாசிக்காத பிள்ளைக்குத் தனி ஆசிரியர், தனி நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குத் தலைமை ஆசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலரும் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த ஆண்டு தவறியவர்களுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், பள்ளிக்குப் போக வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்கலாம். கூடவே போய் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வாருங்கள். பாடம் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் மாலையில் எங்களிடம் அனுப்புங்கள், கட்டணம் கிடையாது.