கதவுக்குப் பின்னால் 23 பைகள்

நேற்று குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப் பைகளை எண்ணினேன். 23. பாதிக்கு மேல் கொழும்பு வெள்ளவத்தைக் கல்யாணங்களில் தந்தவை, மாப்பிள்ளை பொம்பிளை பேர் அச்சடித்தவை. மிச்சம் கருத்தரங்குகளிலும் புடைவைக் கடைகளிலும் கிடைத்தவை. மரக்கறி வாங்கப் போகும்போது கைக்கு வருவது எப்போதும் பிடி பிய்ந்த ஒரு நீலப் பைதான். மற்ற 22-உம் சும்மா தொங்குகின்றன.

எண்ண வைத்தது மச்சாளின் போன். மகளின் கல்யாணத்துக்கு 400 பருத்திப் பை அடிக்கக் குடுக்கப் போறாவாம். "பொலித்தீன் இல்லை, சூழலுக்கு நல்லது எண்டு பையிலயே போடுவம்" என்றா.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

கடையில் கையில் எடுக்கும்போது பருத்தி நல்ல பிள்ளை மாதிரித்தான் தெரியும். அது குடித்த தண்ணீர், வயலுக்குப் போட்ட உரம், நூற்பு, சாயம், கப்பல் பயணம், கடைசியில் போய்ச் சேரும் குப்பைமேடு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதுதான் வாழ்க்கை வட்ட மதிப்பீடு. அதில் பையைப் பையோடு ஒப்பிட மாட்டார்கள். சாமானை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையை ஒப்பிடுவார்கள். ஆகவே எத்தனை தரம் தூக்கினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டென்மார்க்கின் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2018 இல் இந்தக் கணக்கைப் போட்டது. அங்கத்தைய சுப்பர்மார்க்கெட் பொலித்தீன் பைக்கு ஈடாக, காலநிலையை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பையை 52 தரம் பாவிக்க வேண்டும். தண்ணீர், ஓசோன் படலம் என்று எல்லா அளவீட்டிலும் ஈடாக வேண்டுமென்றால் 7,100 தரம். இரசாயனம் போடாமல் விளைந்த பருத்திக்கு 20,000! கிழமைக்கு ஒருக்கால் சந்தைக்குப் போகிற எனக்கு 52 என்பது ஒரு வருஷம், 7,100 என்பது 136 வருஷம்.

இந்த 7,100-ஐப் பிடித்துக்கொண்டு "பாத்தீங்களா, பொலித்தீன்தான் நல்லது" என்று பதிவு போடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அந்த எண்ணை மேலே தூக்குவது ஓசோன் படலத்துக்கு வரும் கேட்டை அளக்கும் ஒரேயொரு அளவீடு. அதைவிட, டென்மார்க் கணக்கில் பொலித்தீன் பை குப்பை வாளிக்குள் இரண்டாம் தரம் பாவிக்கப்பட்டு, குப்பை எரிக்கும் உலைக்குப் போகிறது. தெருவில் வீசப்படுவது அங்கே சொற்பம் என்று அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு மழைக்குப் பிறகு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று பாருங்கள், அது இங்கே சொற்பமா என்று. 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்த ஊர் இது. அதே வருஷம் செப்டம்பரில்தான் சோத்துப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீட்டுக்கும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. லஞ்ச் சீட் போன மாதிரியே இல்லை, அது வேறு கதை.

அதனால் டென்மார்க் எண்ணை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் நடக்கிற பாதி, பை எந்த ஊரில் தொங்கினாலும் அதேதான். இருக்கிற பையைத் தேயத் தேயத் தூக்குவது நல்லது. புதுசாய் 400 அடிப்பது வேறு விஷயம்.

மச்சாளுக்குக் காலநிலைக் கணக்கை மட்டும்தான் சொன்னேன். "400 பையும் சேர்த்து 20,800 தரம் சந்தைக்குப் போகவேணும் மச்சாள். பேர் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு ஆர் போவினம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப பேர் போடாமல் அடிக்கட்டோ?" என்று கேட்டா.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.