அந்த லிஃப்ட் படம் பற்றி

எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் ஓடாமல் கிடக்கும் லிஃப்ட்டைப் படம் எடுத்து, ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று போன வாரம் போட்டிருந்தேன். அதற்கு வந்த பின்னூட்டங்களை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். "ரெண்டு வாரம் லீவுல வந்துட்டு ஊரைக் குறை சொல்லாதீங்க", "சிங்கப்பூர் போனாலே இப்படித்தான்", "பிடிக்கலன்னா அங்கேயே இருந்துக்கோ". கடைசியாகச் சொன்னவன் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்டேஷன் பழசாக இருக்கிறது என்று நான் எழுதவே இல்லை. பழசாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருக்கிற லிஃப்ட்டை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். இரண்டும் வேறு வேறு.

அன்றைக்கு நடந்தது இதுதான். வண்டி இரண்டாவது பிளாட்பாரத்துக்கு வருகிறது. அப்பாவுக்கு 74 வயது, இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு தாள். வெயிலில் வெளுத்து எழுத்தே பாதி போயிருந்தது, அத்தனை நாளாக அங்கே இருக்கிறது. பையை நான் தூக்கிவிடலாம், அப்பாவை எப்படித் தூக்குவது? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நடுவில் நான்கு முறை படியிலேயே உட்கார்ந்தார். "நீ போய் வண்டியப் பிடிடா, நான் மெதுவா வரேன்" என்றார். தனியாக ஏறும் வண்டியா அது? நாங்கள் கிளம்பியதே அவருக்காகத்தானே.

நான் சிங்கப்பூரில் லிஃப்ட் மெக்கானிக். 13 வருடமாக அதுதான் சோறு போடுகிறது. அதனால் கதவின் அடியைப் பார்த்தேன். பாதி திறந்து நின்ற கதவு ஓடுகிற காடி முழுக்க மண், பாக்குப் பாக்கெட், வெற்றிலைச் சாறு காய்ந்து கட்டியாக இருந்தது. கதவு முழுதாக மூடாவிட்டால் எந்த லிஃப்ட்டும் நகராது, பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வருகிற புகார்களில் கதவுத் தகராறுதான் அதிகம். இந்த லிஃப்ட் நின்றதும் அதனால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன், உள்ளே திறந்து பார்க்கவில்லை. ஆனால் அந்தக் காடியைச் சுத்தம் செய்ய ஒரு பிரஷ்ஷும் பத்து நிமிடமும் போதும். அதைக்கூட யாரும் செய்யவில்லை என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"ஜனங்கதான் துப்புறாங்க, அதைச் சொல்லுங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். சரி, துப்புகிறார்கள்தான். அதனால்தான் அடிக்கடி துடைக்க வேண்டும் என்கிறேன்.

"அங்க மட்டும் ரயில் நிக்கலையா?" என்று இன்னொருவர். நின்றது! 2024 செப்டம்பரில், 35 வருடத்துக்கு மேல் ஓடிய பழைய ரயிலிலிருந்து ஒரு பாகம் கழன்று விழுந்து தண்டவாளமே நாசமானது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் நடுவில் ஆறு நாள் ரயில் இல்லை. நானும் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றவன்தான். ஆனால் விசாரித்து அறிக்கை வெளியிட்டார்கள், ரயில் நிறுவனத்துக்கு 24 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போட்டார்கள். அங்கேயும் பழசாகிறது, உடைகிறது. உடைந்தால் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் லிஃப்ட்டுக்கு யார் பதில் சொல்வார்கள்? அந்தத் தாளில் ஒரு போன் நம்பர்கூட இல்லை.

சின்ன நாடு, பணக்கார நாடு, அதோடு ஒப்பிடாதே என்கிறீர்கள். ஒப்பிடவில்லை. என் அப்பாவோடுதான் ஒப்பிடுகிறேன்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்றால், மே மாதமே தன் பொறுப்பில் இருந்த மதகுகளுக்கெல்லாம் கிரீஸ் போட்டு ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுவார். கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போயிருக்கிறேன். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. "பழசுன்னு ஒண்ணும் இல்லடா, பாக்காம விட்டதுதான் இருக்கு" என்பார். ஏறக்குறைய 2,000 வருடத்துக் கல்லணை இன்றைக்கும் தண்ணீரைப் பிரித்து விடுகிறது என்றால், அந்தந்தக் காலத்தில் அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கைகளால்தான்.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் 1836-ல் கட்டிய கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. அதற்குச் சில நாள் முன்புதான் திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. மணல் அள்ளியதால் என்றார்கள், வயதாகிவிட்டது என்றார்கள். அப்பா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான் அங்கிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது திருச்சியில் இறங்கினால் விமான நிலையத்தின் புது டெர்மினல், 1,100 கோடிக்கு மேல் செலவில், கோபுர ஓவியங்களோடு பளபளவென்று நிற்கிறது. பார்த்ததும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வாசலில் நின்று படம் எடுத்துப் போட்டேன். அதற்கு 400 லைக் போட்டவர்களும் நீங்கள்தான். அன்றைக்கு நான் ஊர்க்காரன், லிஃப்ட் படம் போட்டதும் வெளியூர்க்காரன் ஆகிவிட்டேனா?

"அங்கேயே இருந்துக்கோ" என்று எழுதியவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தது உனக்குத் தெரியும், நீயும் கூட அலைந்தாய். யாரோ ஒருவருடைய அப்பா அம்மாவுக்கு லிஃப்ட் நிற்காமல் ஓட வேண்டும் என்று மாதாமாதம் போய்ப் பார்க்கிறேன். என் அப்பா படியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நின்று விசிறிவிட மட்டும்தான் என்னால் முடிந்தது. அதை எழுதினால் திமிர் என்கிறாய்.

நேற்று அப்பாவே போன் செய்தார். "ஊர்ல எல்லாரும் கேக்குறாங்கப்பா, அந்தப் படத்த எடுத்துடேன்" என்றார். அவர் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. இதை மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த லிஃப்ட் ஓடுகிற அன்றைக்கு நானே நீக்கிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காடியில மண்ணுன்னு எழுதினியே, அது சரிதான்" என்றார்.