மால்டினி உலகக் கோப்பையை வென்றாரா?

2006-இல் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் தடுப்பாட்டக்காரர் பாவ்லோ மால்டினியும் இருந்தார் என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு. அந்த அணியின் தலைவர் ஃபாபியோ கன்னவாரோ. மால்டினி 2002-லேயே தேசிய அணியிலிருந்து விடைபெற்றுவிட்டார்.

அவரது கடைசி சர்வதேச ஆட்டம் 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிரானது. கூடுதல் நேரத்தில், 117-ஆவது நிமிடத்தில், தென்கொரியாவின் ஆன் ஜங்-ஹ்வான் அவரைவிட உயரமாக எழும்பித் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடும் அணியே வெல்லும் என்ற தங்க கோல் விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்தது.

கோப்பைக்கு மிக அருகில் அவர் சென்றது 1994-இல். இறுதிப் போட்டியில் சக தடுப்பாட்டக்காரர் பரேசியுடன் சேர்ந்து பிரேசிலின் முன்கள வீரர்கள் ரொமாரியோவையும் பெபெட்டோவையும் 120 நிமிடங்கள் கோல் போடவிடாமல் தடுத்தார். என்னைப் பொறுத்தவரை அவரது உச்ச ஆட்டம் அதுதான். பெனால்டியில் பிரேசில் வென்றது.

உலகக் கோப்பையை வெல்லாவிட்டாலும், இத்தாலியின் ஏசி மிலன் கிளப்புக்காக அவர் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் வென்றது முழு உண்மை.